இருபது ரூபாய்ப் பத்திரத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மைக்கில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் கொடுக்கிற நாடு இது. அதே கல்யாணத்தை ஒரே மத்தியானத்தில் முடித்துவைக்கிற முத்திரைத்தாளுக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் நாலு வரி வாழ்த்துச் சொன்னதில்லை. பத்து மாதக் குடித்தனமோ பதினெட்டு வருஷக் குடித்தனமோ, பேதம் பார்க்காமல் ஒன்றரைப் பக்கத்தில் அடக்கிவிடுகிற அந்தத் தாளுக்கு நாம் காட்டியது நன்றிகெட்டத்தனம். அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம்.

இருபது ரூபாய்ப் பத்திரமே! முத்திரைக் கட்டணம் ஏறி நீ நூறு, இருநூறு என்று வளர்ந்துவிட்டாலும் ஊர்வாயில் உனக்கு இன்னும் அதே பேர்தான். உன் குலம் பெரியது. வெள்ளைக்காரன் 1899-ல் போட்ட இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் விவாகரத்துப் பத்திரத்துக்கென்றே ஒரு வரி உண்டு. கட்டணம் ஒரு ரூபாய். வீடு வாங்கினால் விலையைப் பார்த்து வரி பிடுங்கிய சட்டம், கல்யாணத்தை முறிக்க ஒற்றை ரூபாய் போதும் என்று பெருந்தன்மை காட்டியது. முத்திரை ஒட்டியிருக்கிறது என்றால் வரி கட்டியாயிற்று என்று அர்த்தம். உள்ளே எழுதியிருப்பதெல்லாம் செல்லும் என்று அர்த்தமில்லை. இந்தச் சின்ன விஷயத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் நூற்றிருபத்தைந்து வருஷமாகக் கவனிக்கவில்லை.

நடுவில் சட்டம் போடுகிறவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சென்னை மாகாணம் 1949-லேயே இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்துக்கும் வழி செய்து சட்டம் போட்டது. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. 1976-ல் அதில் 13-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும், ஆறு மாதம் பொறுத்திருந்து மறுபடி வந்து 'எங்கள் இருவருக்கும் சம்மதம்தான்' என்று நீதிபதி முன்னால் நின்று சொல்ல வேண்டும். 1984-ல் குடும்ப நீதிமன்றங்களுக்கென்றே தனிச் சட்டம். இத்தனையும் யாருக்காகவோ செய்த ஏற்பாடு. நம் பெரியவர்களுக்கு ஒரு பத்திரம், ஒரு ஸ்டாம்ப் பேடு, ஒரு ஃபிளாஸ்க் டீ போதும்.

அந்த மங்கள காரியம் நடக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். உங்கள் ஊராகவே இருக்கலாம். தலைவர் வீட்டு வராண்டா. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருபக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, அவன் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு 'சார்'. எதிர்ப்பக்கம் பெண்ணின் அப்பா, தாய்மாமன். நடுவில் 'பொதுவான மனுஷங்க' நாலு பேர். பெண் உள்ளே அடுப்படி நிலைப்படியில் நிற்கிறாள். பேச்சு அவளுடைய வாழ்க்கையைப் பற்றியதுதான். ஆகவே அவள் வராண்டாவுக்கு வர வேண்டிய அவசியமில்லை.

வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நிற்கிறது. சீர்வரிசைச் சாமானை ஏற்றுகிறார்கள். ஒரு பையன் நோட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிக்கிறான்: கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, கிரைண்டர் ஒன்று, எவர்சில்வர் அண்டா இரண்டு, குத்துவிளக்கு ஒரு ஜோடி. மிக்சியின் சின்ன ஜாருக்கு மூடியைக் காணோம். அதற்குக் கால் மணி நேர விவாதம். மூடி கல்யாணத்தின்போதே வரவில்லை என்கிறார் பெரியப்பா. வந்தது, கடையில் நான்தான் சரிபார்த்து வாங்கினேன் என்கிறார் தாய்மாமன். கடைசியில் மூடிக்கு ஈடாக ஐம்பது ரூபாய் என்று தீர்ப்பாகிறது. அடுத்து நகை. நாற்பது பவுன் போட்டோம் என்கிறது பெண் வீடு. அதில் பன்னிரண்டு அடகில் இருக்கிறதாம். எட்டுப் பவுனை உருக்கி மாப்பிள்ளையின் தங்கைக்கு வளையல் செய்தாயிற்றாம். 'குடும்பத்துக்குத்தானே செலவாச்சு' என்று இருபது பவுனும் கழிகிறது. பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுக்கே முழுச் சொந்தம், கணவன் வீட்டார் அதைக் காத்துவைத்திருப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னதை அந்த வராண்டாவில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூடிக்குக் கால் மணி நேரம் கொடுத்தவர்கள் இருபது பவுனுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் அவள் அந்த வீட்டில் ஆக்கிப் போட்டதற்கு நோட்டில் பக்கமே இல்லை.

மாப்பிள்ளையின் சம்பளம் தனிக் கதை. பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்னது எண்பதாயிரம். கூடவே ஊரில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, டவுனில் ஒரு பிளாட். ஒன்பது வருஷ அனுபவத்துக்குப் பிறகு அதே கம்பெனியில் அதே ஆள் 'ஏதோ பத்துப் பதினைஞ்சு வாங்குறான், அதுவும் நிரந்தரமில்லை'. தோப்பு தாத்தா பேரில். பிளாட் தம்பி பேரில். வேலை பார்க்கப் பார்க்கச் சம்பளம் இறங்குகிற அதிசயம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஜீவனாம்சம் பேசும் வராண்டாவில் மட்டும்தான் நடக்கும். ஜீவனாம்ச வழக்கு என்றால் இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் படிவமே போட்டுக் கொடுத்தது. வராண்டாவில் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னால் 'என்ன மச்சான், நம்ம பையன் மேல நம்பிக்கை இல்லையா?' என்று பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். நம்பிக்கை இருந்தால் வாசலில் வண்டி எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பிறகு டைப்பிஸ்ட் அடித்து வந்த பத்திரம் வாசிக்கப்படுகிறது. உன் நடைக்கு ஈடே இல்லை, பத்திரமே! 'நாங்கள் இருவரும் யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, நல்ல சுயநினைவுடன் மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று எடுத்த எடுப்பிலேயே கம்பீரம். மூன்று மாதமாகப் பெண் வீட்டுக்கு நடையாய் நடந்து, 'தாயி, பேசாம கையெழுத்தப் போட்டுரு. கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுக்கும். உனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருக்கா, யோசிச்சுக்க' என்று நெருக்கிய அதே நாலு பேர், வற்புறுத்தல் எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். விஷயம் தெரிந்த சாட்சி இவர்களைவிட வேறு யார் கிடைப்பார்கள்?

'ரொக்கமாக ரூபாய் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேசி, அதில் ஐம்பதாயிரம் இன்று பெற்றுக்கொண்டு, மீதியைத் தை மாதம் பெற்றுக்கொள்வதாகவும்' என்று அடுத்த வரி. எந்த வருஷத்துத் தை என்று பத்திரம் சொல்லாது. 'இனி எக்காலத்திலும் ஜீவனாம்சமோ வேறு எவ்விதப் பாத்தியதையோ கோர மாட்டேன்' என்று மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும். வாங்க வேண்டியதற்குத் தை மாதம், விட வேண்டியதற்கு எக்காலமும். காலக்கணக்கில் உன்னை மிஞ்ச ஒரு பஞ்சாங்கக்காரரும் இல்லை.

இந்த 'எக்காலத்திலும்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. 1994-ல் எட்டாயிரம் ரூபாயை நிரந்தர ஜீவனாம்சமாக வாங்கிக்கொண்டு, இனி ஒன்றும் கேட்பதில்லை என்று சமரசம் பேசிக் கையெழுத்துப் போட்டாள் ஒரு மனைவி. வராண்டாவில்கூட அல்ல, நீதிமன்றத்திலேயே. பிற்பாடு அவள் 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி வழக்குப் போட்டபோது, 'அதான் எட்டாயிரம் வாங்கியாச்சே' என்று கணவர் கேட்டார். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஜீவனாம்ச உரிமையை முன்கூட்டி எழுதி வாங்குவது பொது நலனுக்கு விரோதம்; அந்தச் சமரசம் அவள் உரிமையை அடைக்காது. எட்டாயிரத்தைக் கொண்டு ஆயுசு முழுக்க வாயடைக்கலாம் என்று நினைத்தவர் டெல்லி வரை போய்க் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்தக் காலத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் கொடுக்க முடியாது என்று வரம்பு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சேதி நம் வராண்டாக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த வரிதான் உன் மகுடம். 'இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்வதில் மற்றவருக்கு ஆட்சேபணை இல்லை.' ஆட்சேபணை இல்லாமல் இருக்கலாம். சட்டம் உங்களிடம் ஆட்சேபணையைக் கேட்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் முதல் கல்யாணம் அப்படியே உயிரோடு இருக்கிறது. அது இருக்கும்போது இன்னொரு தாலி கட்டினால் ஏழு வருஷம் வரை சிறை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 494, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 82. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டு வருகிற பெண், சட்டத்தின் கண்ணில் மனைவியே அல்ல. அவளுக்குத் தாலி கட்டியவர் அரசு ஊழியராக இருந்து செத்தும் போனால் குடும்ப ஓய்வூதிய வரிசையில் முதலில் நிற்பவள், வண்டியில் சாமான் ஏற்றி அனுப்பப்பட்ட அந்த முதல் மனைவிதான். ஆக, ஒரே பத்திரத்தில் இரண்டு குடும்பத்தைக் கெடுக்கிற திறமை உனக்கு உண்டு.

'எங்க சமுதாயத்துல காலங்காலமா இப்படித்தான் தீர்த்து விடுறது, சட்டமும் ஒத்துக்கிட்டிருக்கு' என்று ஒரு பெரியவர் தொண்டையைக் கனைப்பார். பாதி உண்மை. இந்துத் திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு, வழக்கத்தால் நிலைத்த விவாகரத்து உரிமையைத் தொடவில்லை. ஆனால் வழக்கம் என்று சொல்கிறவர், இன்ன சமுதாயத்தில் இன்ன முறையில் இது விடாமல் நடந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அங்கே பத்திரம் இருந்தது, வழக்கம் நிரூபணமாகவில்லை, விவாகரத்து செல்லவில்லை. பெரியவரின் தொண்டைக் கனைப்பு சாட்சியம் ஆகாது.

சரி, செல்லாத காகிதம்தானே, கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். விவாகரத்தாகச் செல்லாத இந்தக் காகிதம், அவளுக்கு எதிரான ஆயுதமாக நன்றாகவே செல்லும். 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்வதென' என்று பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் நாலாவது உட்பிரிவு. 2024 ஜூலை முதல் அதுவே புதிய சட்டத்தில் 144. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது அது. அந்த வரி தானாக வந்து பத்திரத்தில் உட்காரவில்லை. அதன் விலை தெரிந்த ஒருவர் எடுத்து வைத்தது.

இதே பெண் முறைப்படி விவாகரத்து பெற்றிருந்தால்? அந்த உட்பிரிவு அவளைத் தொடாது. விவாகரத்தான பெண் மறுமணம் செய்யாதவரை மனைவியின் கணக்கிலேயே சேர்வாள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கியவளுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சேர்ந்து வாழும் மனைவிக்குச் சோறு உண்டு. துரத்தப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு. விவாகரத்தான பெண்ணுக்கும் உண்டு. ஒன்றும் இல்லாதபடி ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும் என்றால் அவளை மனைவியாகவும் வைக்காமல், விவாகரத்தும் கொடுக்காமல், 'சம்மதித்துப் பிரிந்தவள்' என்ற முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரம் செய்வது அதுதான். ஊர்ப் பெரியவருக்கு இந்த நுணுக்கம் தெரியாமல் இருக்கலாம். வாசகம் சொல்லிக்கொடுத்த வக்கீலுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தார். அதை 'சுமுகமாக முடித்துவைத்தோம்' என்று சொல்லிக்கொண்டு இவர்கள் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

குழந்தை? அதற்கும் ஒரு வரி உண்டு. 'குழந்தையைத் தாயே வைத்துப் பராமரித்துக்கொள்ள வேண்டியது. தகப்பனாரிடம் எவ்விதச் செலவுத்தொகையும் கோரக் கூடாது.' ஏழு வயசுப் பிள்ளையின் சாப்பாட்டையும் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் அதன் அம்மாவைக் கொண்டே எழுதி வாங்கிவிடுகிறார்கள். பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது என்று நீதிமன்றங்கள் சொல்லி அலுத்துவிட்டன. சீர்வரிசை நோட்டில் அந்தப் பிள்ளையின் சைக்கிளும் இருந்தது. அதை ஏற்றினார்களா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

இப்போது கதையின் இரண்டாம் பாகம். மூன்று வருஷம் போகிறது. தை மாதமும் மூன்று முறை வந்துபோய்விட்டது. மீதி ஒரு லட்சம் மட்டும் வரவில்லை. திடீரென்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து தேன் சொட்டச் சொட்ட போன் வருகிறது. அவருக்கு வெளிநாட்டில் வேலை, விசாவுக்கு நீதிமன்றத் தீர்ப்பு கேட்கிறார்கள். அல்லது புதுப் பெண் வீட்டில் ஒரு படித்த அண்ணன் இருக்கிறான், 'டிகிரி எங்கே?' என்று கேட்டுவிட்டான். 'ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கோர்ட்ல வந்து ரெண்டு கையெழுத்து. அதான் எல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சாச்சே.'

அந்த ஃபார்மாலிட்டி மனுவை வாசித்துப் பாருங்கள். 'மனுதாரர்கள் இன்ன தேதியிட்ட ஒப்பந்தப்படி தங்களுக்குள் முழுமையாகத் தீர்த்துக்கொண்டுவிட்டனர். இரண்டாம் மனுதாரருக்கு ஜீவனாம்சக் கோரிக்கை எதுவும் இல்லை.' அவ்வளவுதான். வராண்டாவில் பேசிய தொகை நீதிமன்றத்தின் இறுதித் தீர்வாகக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. பிரிவு ஒப்பந்தம் என்பது இறுதித் தீர்வுக்கு முன்னால் பேசி வைக்கிற இடைக்கால ஏற்பாடாக இருக்க வேண்டும்; இங்கே அதுவே உச்சவரம்பாகிவிடுகிறது. குடும்ப நீதிமன்றத்தில் அன்றைக்கு வரிசையில் நிற்கும் வழக்குகளுக்கு நடுவில் நீதிபதி கேட்கிறார்: 'முழு சம்மதமாம்மா?' அவள் தலையசைக்கிறாள். இரண்டு நிமிஷம். மிக்சி மூடிக்குக் கிடைத்த நேரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

அவள் ஒருவேளை 'இல்லீங்கய்யா, மீதிப் பணம் வரல, நகை வரல' என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை விலக்கிக்கொள்ள இருவரில் யாருக்கும் உரிமை உண்டு என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சொன்னபோதும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாவற்றையும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. 'உண்மையாகவே' என்பதில் தை மாதம் அடங்காது. இது எதையும் அவளிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அன்றைக்கு அவளுக்காக வக்காலத்துப் போட்டிருப்பதும் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த வக்கீலின் ஜூனியர்தான். 'ஒரே வக்கீல் ஆபீஸ்னா செலவு கம்மி' என்று தாய்மாமனே ஒத்துக்கொண்டிருப்பார். அவருடைய கவலை, மூடிக்குக் கிடைத்த ஐம்பது ரூபாயோடு தீர்ந்துவிட்டது.

ஒழுங்கான ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கவே முடியாதா? இருக்கிறது. அதில் முதல் மனு நாளில் இவ்வளவுக்கு டிடி, இரண்டாம் முறை வரும் நாளில் மீதிக்கு டிடி, அதற்கு முன்பே நகை எடைபோட்டு ஒப்படைப்பு, பிள்ளைக்கு மாதம் இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு ஏற்றம், போலீஸ் வழக்கு இருந்தால் அது முடிவது எந்தக் கட்டத்தில், எல்லாம் தேதியோடு இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து இருதரப்பும் தனித்தனி வக்கீலோடு பேசி எழுதியது நீதிபதி முன்னால் போய்த் தீர்ப்போடு சேர்ந்துவிடும். அதன்பின் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட்டுச் சம்பளத்தைப் பிடிக்கலாம். அதிலும் பேரம் உண்டு, கண்ணீர் உண்டு, ஏமாற்றும் உண்டு; ஆனால் ஏமாற்றினவனைப் பிடிக்க ஒரு கைப்பிடியாவது இருக்கிறது. வராண்டாப் பத்திரத்தில் தவணை வராவிட்டால் அவள் தனியாக ஒரு சிவில் வழக்குப் போட வேண்டும், அதுவும் மூன்று வருஷத்துக்குள். மூன்று வருஷம் கழித்துத் தேன் சொட்டப் போன் வந்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

நோட்டரிகளை மறந்துவிடக் கூடாது. பெண் வராமலே, வந்தாலும் முகத்தைப் பார்க்காமலே, வட்ட முத்திரையைக் குத்திக் கொடுக்கும் அந்தக் கை ராசியான கை. கல்யாணத்தையும் விவாகரத்தையும் எழுதி முடிக்க நோட்டரிகளுக்கு அதிகாரமில்லை என்று மத்தியச் சட்டத்துறை 2024-ல் சுற்றறிக்கையே அனுப்பியது. அதற்கும் வட்ட முத்திரை குத்திக் கோப்பில் போட்டிருப்பார்கள். காவல் நிலையம் வேறு. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, அடிபட்டு வரும் பெண் தைரியமாகப் புகார் கொடுக்க ஓர் இடம் என்றார்கள். இன்று பல ஊர்களில் அவள் புகார் கொடுக்கப் போனால் 'ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க' என்று அதே பத்திரத்தின் வெள்ளைத்தாள் பதிப்பு கிடைக்கிறது. மதம் மாறினாலும் வராண்டா மாறுவதில்லை. முஸ்லிம் மனைவி கேட்டுப் பெறும் குலா விவாகரத்துக்குத் தனியார் அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. கிறிஸ்தவர்களுக்கோ 1869-ம் வருஷத்துச் சட்டத்தில் பரஸ்பர விவாகரத்துக்கு இடம் கிடைக்கவே 2001 ஆயிற்று.

'ஏன் சார், ஆம்பளைங்க ஏமாறுறதில்லையா?' என்று ஒரு குரல் கேட்கிறது. ஏமாறுகிறார்கள். நிலத்தை விற்று மூன்று லட்சம் கொடுத்து, தீர்ந்தது என்று நம்பி, மறுமணமும் செய்துகொண்டு, ஐந்து வருஷம் கழித்து சம்மனோடு நிற்பவர்களும் இருக்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு ரசீதுகூட இருக்காது. இருக்கும் பத்திரமோ இருதார வழக்கில் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். ஆனால் பத்திரம் எழுதச் சொல்லிக் கோர்ட்டைத் தவிர்த்தது யார் என்று அவர் தன் பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும். இரு தரப்பிலும் நஷ்டமில்லாமல் எழுந்து போனவர்கள் டைப்பிஸ்டும், நோட்டரியும், 'போக்குவரத்துச் செலவு' வாங்கிக்கொண்ட மத்தியஸ்தரும்தான்.

வாழ்த்துமடல் நீண்டுவிட்டது. முடிக்கும் முன் அந்த 'பொதுவான மனுஷங்க' நாலு பேரிடம் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்கு அவன் சுயநலம், வக்கீலுக்குப் பீஸ், பெண்ணின் அப்பாவுக்குப் பயம். உங்களுக்கு என்ன? பேருக்குத்தானே போனீர்கள்? ஒரு டீ குடித்துவிட்டு, வாசித்தும் பார்க்காமல், ஒரு பெண்ணின் சாப்பாட்டையும் ஒரு பிள்ளையின் படிப்பையும் எழுதி வாங்கிய தாளில் சாட்சி என்று கையெழுத்துப் போட்டு வந்தீர்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாளுக்கு இருபது ரூபாய் மதிப்புகூடக் கிடையாது.

அடுத்த முறை கூப்பிட்டால் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அடுப்படி நிலைப்படியில் நிற்பவளிடம் முதலில் போய் இதைச் சொல்லுங்கள்: 'தாயி, இன்னிக்கு எதுலயும் கையெழுத்துப் போடாத. மாவட்ட நீதிமன்றத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 1987-லேருந்து சட்டமே இருக்கு. 15100-க்கு ஒரு போன் போடு.'